கூட நடக்கிற சாமிக

கேள்விப்பட்டேன்டா பேராண்டி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போறியாம்ல. உங்க அப்பத்தா நம்ம ஊருத் தெருவெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, இப்பப் பக்கத்து ஊருக்குக் கெளம்பிட்டா. மெட்ராசுல ஏசிக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டரத் தட்டுற புள்ள, குன்றக்குடியில கும்பிட்டுப் புறப்பட்டு, திருப்பத்தூரு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்லு, ஒட்டஞ்சத்திரம்னு 150 கிலோமீட்டருக்கு மேல நடக்கப் போகுதுன்னா சும்மாவா? எனக்கே பெருமையா இருக்கு. போன வாரம் முக்குக்கடையில வெத்தல வாங்கியாடான்னதுக்கு பைக் சாவியத் தேடுனவன் நீ.

வாங்கியாந்த சாமானத் திண்ணையில பரப்பி வச்சிருந்தியே, அதையும் பாத்தேன். ஒரு பூட்சு. குழாய் வச்ச தண்ணிப் பை. நெத்தியில மாட்டுற லைட்டு. கையில கட்டுற கடியாரம், அது நீ எத்தன எட்டு வச்சேன்னு எண்ணிச் சொல்லுமாம்ல. நல்லதுடா, உன் எட்ட எண்ண ஒரு ஆளாவது வேணும்ல. ஒண்ணே ஒண்ண மட்டும் அந்தத் திண்ணையில காணோம். கூட வரப்போற நாப்பது பேரப் பொறுத்துக்கிற மனசு. எந்தக் கடையில விக்கிதுன்னு விசாரிச்சுச் சொல்லு. நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன், எங்கிட்ட இருந்தது தேஞ்சுபோச்சு.

ரோட்டப் பத்திக் கவலப்படாத. ரோடு பாவம், அது பாட்டுக்குக் கெடக்கும். சிங்கம்புணரியில தென்ன நாரு வாசம் வரும். நத்தம் பக்கம் மாந்தோப்பும் புளியமரமும் நெழலு குடுக்கும். சாணார்பட்டிய நெருங்குறப்ப எடப்பக்கமாச் சிறுமல கூடவே வரும். வழி நெடுக வாயத் தொறக்காமக் கூட வர்ற ஆளு அது மட்டுந்தான். மத்த எல்லாரும் பேசுவாக.

பூட்சப் பத்தி ஒரு யோசன. கெளம்புற அன்னைக்குத்தான் அத மொதமொதல்ல மாட்டணும். முந்தியே ஒரு மாசம் போட்டு நடந்து பழக்கிட்டேன்னு வையி, கொப்புளம் வராது. கொப்புளம் வராட்டி யாரு உனக்கு எண்ண தேச்சு விடுவா, யாரு 'ஐயோ பாவம்'ம்பா? புதுசாவே போட்டுக்கிட்டுக் கெளம்பு. திருப்பத்தூரு வாரதுக்குள்ள குதிங்கால்ல ஒண்ணு, கட்டவெரல்ல ஒண்ணுன்னு எந்திரிச்சிரும். நீ ஒரு மைல் கல்லுமேல உக்காந்து ஊதிக்கிட்டு இருக்கிறப்ப, ஒரு அப்பத்தா உன்னயத் தாண்டிப் போவா. எழுபது வயசிருக்கும். கால்ல செருப்பு இருக்காது. தலையில துணிமூட்ட, கையில மஞ்சப் பை. 'என்ன சாமி, காலு கடிக்குதா?'ன்னு போற போக்குல கேட்டுட்டுப் போவா. நீ பதில் சொல்றதுக்குள்ள அடுத்த வளவுல மறஞ்சிருவா. ரோசப்பட்டு எட்டிப் போட்டு அவளப் பிடிக்கப் பாக்காத. பல தையா பாத்துக்கிட்டு இருக்கேன், அவளப் பிடிச்ச ஆம்பளையக் கண்டதில்ல.

பழகுன செருப்பு போதும்டா. வெறுங்கால்ல வாரேன்னு வேண்டியிருந்தேன்னா, வெள்ளன எந்திரிச்சு நட, வெயில் ஏறுனா படு, சாயங்காலம் மறுபடி நட. தைமாசம் குளுருதேன்னு நம்பாத, உச்சியில தாரு ரோடு சுடத்தான் செய்யும். அப்ப எல்லாருமா ரோட்டோரத்து வெள்ளக் கோட்டுமேல ஏறி வரிசையா நடப்பாக. அந்தக் கோடு மட்டும் காலுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும். லாரிக்காரனுக்கும் அந்தக் கோட்ட ரொம்பப் பிடிக்கும்கிறத மறந்துராத. இதுக்கே 'ஐயோ சுடுதே'ன்னு குதிச்சேன்னா, பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில காவேரித் தண்ணிய மொண்டு தீர்த்தக் காவடியாத் தூக்கிட்டு வர்ற கொங்குக்காரகளப் போயிப் பாரு. அது பங்குனி வெயிலு. அவுக யாரும் குழாய் வச்ச பையில தண்ணி கொண்டு வரல. தோள்ல இருக்கிற தண்ணி அம்புட்டும் சாமிக்கு, குடிக்கக் கூடாது.

இன்னொண்ணு. தேங்கா எண்ண பாட்டில இடுப்புலயே சொருகி வச்சுக்க. எங்க தடவணும்னு நான் சொல்ல மாட்டேன், மருவாதையா இருக்காது. திண்டுக்கல்லுக்குள்ள நுழையுறப்ப பாதி ஆளுக கால அகட்டி அகட்டி நடந்து வருவாக பாரு, அவுகளக் கேளு. அதப் பக்திநடைன்னு நெனச்சு ஒரு பொம்பளப் புள்ள போட்டோ எடுத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல.

சரி, ஆளுக கதைக்கு வாரேன். மாலையப் போட்டதும் உம் பேரு போயிரும். நீயும் சாமி, நானும் சாமி, கொட்டகையில சோறு பொங்குறவனும் சாமி, குட்டியானை வண்டியில மூட்டைய ஏத்திக்கிட்டு வர்ற டிரைவரும் சாமி. ரொம்பச் சவுரியமான ஏற்பாடு, யாரு பேரையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. ஆனா அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. வட்டிக்கு விட்டவனும் சாமி, வாங்கிட்டு ஒளியுறவனும் சாமி. வரப்புத் தகராறுல கோர்ட்டு வரைக்கும் போன பங்காளிக ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல மால போட்டு வந்து நிப்பாக. ஊருக்குள்ள ஒருத்தன் எதுக்க வந்தா இன்னொருத்தன் சந்துக்குள்ள திரும்பிருவான். இங்க, 'சாமி, கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி'ம்பான். அவனும் குடுப்பான். மூடியத் திருகிக் குடுப்பான்டா!

அதப் பாத்துட்டு நீ கண்ணக் கசக்கிராத. கேசு அப்பிடியே இருக்கு, வாய்தாத் தேதியும் மாறல. ஊருக்குத் திரும்புனதும் ரெண்டு பேரும் பழையபடி சந்துக்குள்ளதான் திரும்புவாக. ஆனா நடக்கிற அந்த ஒரு வாரத்துக்கு, ஒருத்தன் துண்ட விரிச்சு இன்னொருத்தன் படுத்திருப்பான். நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான், குறுக்க போகாம இருக்கிறது. 'அந்தக் கேசு என்னாச்சு சாமி?'ன்னு கேக்குற புத்திசாலி ஒருத்தன் எல்லாக் கூட்டத்துலயும் உண்டு. படிச்சவனா இருப்பான் பெரும்பாலும். அதனாலதான் உங்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.

பெறகு குருசாமி. அவருக்குத் தெரியாதது ஒண்ணும் கெடையாது. நாளைக்கு மழ வருமான்னு தெரியும். எந்தப் பந்தல்ல பொங்கலுக்கு முந்திரி போடுறாகன்னு தெரியும். எல்லாத்தையும் நம்பு. 'எனக்கு ஒரு குறுக்குவழி தெரியும்'னு சொன்னாருன்னா மட்டும் செத்த நின்னு செருப்ப இறுக்கிக் கட்டிக்க. அந்த வழி கம்மாக்கரையில எறங்கும், வேலிக்கருவக்குள்ள நுழையும், ரெண்டு கிலோமீட்டரு கூடச் சுத்தும், கடைசியில காலையில நீ டீக்குடிச்ச அதே கடை முன்னால கொண்டாந்து விடும். 'எப்பூடி?'ன்னு மீசையத் தடவுவாரு. 'உங்களால மட்டுந்தான் முடியும் சாமி'ன்னு சொல்லிரு. அவருக்கும் சந்தோசம், உனக்கும் பொய் சொன்ன பாவமில்ல.

கிண்டல் பண்றேன்னு அவரக் கொறச்சு எட போடாத. ராத்திரி எல்லாரும் சுருண்ட பெறகு டார்ச்ச அடிச்சுத் தல எண்ணுறது அந்த மனுசந்தான். ஒரு தல கொறஞ்சா, வந்த வழியிலயே திரும்பி நடக்கிறதும் அவருதான்.

ஒழுங்குன்னா என்னன்னு பாக்கணும்னா நகரத்தார் காவடியப் பாரு. நெற்குப்பையில இருந்து பழனிக்கு உப்பு யாவாரத்துக்குப் போன ஒரு செட்டியார்ல தொடங்குன நடைம்பாக. நானூறு வருசத்துக்கு மேல ஆச்சும்பாக. உப்பு விக்கப் போன எடத்துல அவருக்குப் பக்தி வந்துச்சு. பக்திக்குப் போற எடத்துல நீ செல்போனுக்குச் சார்ஜு போட ஓட்ட தேடப் போற. அவுக காவடி வர்றப்ப ஒதுங்கி நின்னு கும்பிட்டு விட்டுரு, முந்தப் பாக்காத. எந்த ஊருல எறக்கணும், எங்க பூச, எங்க சாப்பாடுன்னு தலமொறையா வகுத்து வச்ச கணக்கு அது. நம்ம கூட்டத்துல 'இன்னைக்கி எங்க சாமி தங்குறோம்?'னு கேட்டுப் பாரு, ஏழு பேரு ஏழு ஊரச் சொல்லுவாக. எட்டாவதா ஒரு ஊருலதான் படுப்போம்.

மொத நாளு நீ எல்லாருக்கும் முன்னாடி போயிரு. கண்டிப்பாப் போகணும். 'எங்கடா நம்ம பேராண்டி?'ன்னு நாங்க தேட, நீ ஒரு பாலத்துமேல நின்னு கையாட்டணும், அந்தக் கடியாரத்தக் காமிக்கணும். ரெண்டாம் நாளு நடுவுல வருவ. மூணாம் நாளு கடைசியில வருவ. அங்கதான் உனக்காக ஒரு கூட்டம் காத்துக்கிட்டு இருக்கும். முட்டி வலிக்காரரு, ஓட்டு மில்லுல வேல பாத்து ரிட்டயரானவரு, மக கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டு வந்த அம்மா, மக கல்யாணம் நடந்ததுக்கு வருத்தப்பட்டு வந்த அப்பன். பேசத் தெரிஞ்சவுக எல்லாம் பின்னாலதான் இருப்பாக. முன்னால போறவுகளுக்கு மூச்சு வாங்கவே வாயி சரியாப் போயிரும். மூணு நாளு கழிச்சு வந்து சேர வேண்டிய எடத்துக்கு மொத நாளே வந்து சேருன்னு சொன்னா நீ கேக்கவா போற?

உக்காரப் போறப்பவும் ஒண்ண நெனவுல வச்சுக்க. இடும்பன் கதை தெரியுமாடா? அகத்தியரு சொன்னாருன்னு சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையக் கம்புல கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். ரெண்டு மல! நீ ரெண்டு தண்ணி பாட்டிலுக்கு முனகுற. ஆவினன்குடி வந்ததும், செத்த எளப்பாறலாம்னு எறக்கி வச்சான். அம்புட்டுத்தான். மறுபடி தூக்குனா அசையல. மேல பாத்தா கோவணத்தோட ஒரு சின்னப்பய நின்னுக்கிட்டு 'இது எம் மல'ங்கிறான். சண்ட, சாவு, திரும்ப உசுரு குடுத்தது, வரம் குடுத்தது எல்லாம் நடந்துச்சு. மல மட்டும் நகரல. இத்தன லச்சம் பேரு மூச்சு வாங்க அங்க போயி ஏறுறதுக்குக் காரணமே ஒரு ஆளு செத்த நேரம் ஓஞ்சதுதான். அதனால பந்தல்ல நாக்காலியப் போட்டு 'உக்காருங்க சாமி'ன்னு உபசாரம் பண்ணா யோசி. பத்து நிமிசம் சரி. அர மணி நேரம் உக்காந்தேன்னா, எந்திரிக்கிறப்பக் கெண்டக்காலு பிடிச்சுக்கிரும். பெறகு சாணார்பட்டியில உனக்கும் ஒரு கோயிலக் கட்டி நாங்க வருசா வருசம் வரணும். ஏற்கனவே இருக்கிற கோயிலுக்குப் போகவே லீவு கெடைக்கல.

பந்தலுன்னதும் ஞாபகம் வருது. தருமம் பண்றவுக மனசு நோகக்கூடாதுன்னு ஒரு பந்தல் விடாமத் திங்கிற கருணாமூர்த்திக சில பேரு வருவாக. காலையில பொங்கலு, கொஞ்சம் தள்ளிச் சுக்குக் காப்பி, அதுக்கடுத்துப் புளியோதர, தயிருசாதம், சுண்டலு, கேசரி, வாழப்பழம், பிஸ்கட்டுப் பொட்டலம். பழனி வரைக்கும் நடந்துட்டு எட கூடித் திரும்பி வந்த மாமன் உனக்கு ஒருத்தன் இருக்கான், பேரச் சொன்னா உங்காத்தா கோவிச்சுக்குவா. ராத்திரியில அந்தக் கருணாமூர்த்திக செல்போன் லைட்ட அடிச்சுக்கிட்டுக் கருவக்காட்டுக்கும் மண்டபத்துக்குமா நடக்கிற நடையிருக்கே, அதையும் உன் கடியாரம் எண்ணுச்சுன்னா அவுகதான் முன்னால நிப்பாக. நீ மோரு கெடச்சா உப்புப் போட்டு வாங்கிக் குடி. மத்ததுல பாதிய வாங்கு. தின்ன எலையையும் காப்பிக் கப்பையும் ரோட்டுல வீசிட்டு 'அரோகரா'ன்னு சொல்லாத. விடிஞ்சதும் அந்தப் பந்தல்காரர் வீட்டுப் பொம்பளதான் கூட்டணும்.

சில பந்தல்ல எண்ணையோட காத்திருப்பாக, காலப் பிடிச்சு விடுறதுக்கு. உன்னவிட மூத்தவரா ஒருத்தரு கீழ உக்காந்து உங்காலத் தூக்கித் தம் மடியில வச்சுக்குவாரு. உனக்குக் கூச்சமா இருக்கும். 'வேணாம் ஐயா'ன்னு இழுப்ப. இழுக்காத. அது அவரு வேண்டுதலு. உங்கால நீ எடுத்துக்கிட்டா அவரு வேற காலத் தேடணும், வரிசையில எல்லாக் காலும் உன்னுதவிட அழுக்கா இருக்கும்.

'இன்னும் எம்புட்டு தூரம்?'னு மட்டும் டீக்கடையில கேட்டுராத. கேட்டா, 'இந்தா, கூப்பிடு தூரந்தான்'ம்பாரு. அவரு பொய் சொல்லல. யாரு கூப்பிடுறது, எதுல கூப்பிடுறதுன்னு அவரு சொல்லல, நீயும் கேக்கல. குழாய் ரேடியோவுல சூலமங்கலம் சகோதரிக கூப்பிட்டா அது ஒரு தூரம், டி.எம்.எஸ். கூப்பிட்டா அது இன்னொரு தூரம். ரெண்டு மணி நேரம் நடந்து அடுத்த கடையில கேட்டாலும் அதே கூப்பிடு தூரத்துலதான் ஊரு இருக்கும். கிலோமீட்டர் கல்லப் பாத்தா மனசு ஒடஞ்சிரும்னு இரக்கப்பட்டுத்தான் அப்பிடிச் சொல்றாக.

மண்டபத்துல படுக்கிறப்ப ஒரு சட்டம் உண்டு. கொறட்ட விடுறவன்தான் மொதல்ல தூங்குவான். இது முருகன் வகுத்தது, ஏன்னு கேக்கப்படாது. அவனுக்கு முந்தித் தூங்கணும், இல்லாட்டி நீயே கொறட்ட விடப் பழகிக்கணும். நான் ரெண்டாவத எடுத்துக்கிட்டேன், உங்க அப்பத்தாளக் கேட்டுப் பாரு. மூணாம் நாளு வாக்குல இந்தக் கொறட்டைக்கோ, ஒரு போர்வைக்கோ, சார்ஜரு வயருக்கோ யாராவது ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுத் தனியா நடப்பான். கேட்டா, 'பழனியாண்டவரே கோவிச்சுக்கிட்டு வந்தவருதான'ன்னு ஞாயம் பேசுவான். வாஸ்தவந்தான். ஒரு பழத்த அண்ணனுக்குக் குடுத்துட்டாகன்னு ஆத்தா அப்பனையே விட்டுட்டு வந்தாரு. அவரு கோவிச்சுக்கிட்டு நின்னாரு, ஒலகமே தேடி வந்துச்சு. நீ போர்வைக்குக் கோவிச்சுக்கிட்டு நத்தத்துல நின்னேன்னா, உங்கப்பன்கூட வரமாட்டான். 'பஸ்ஸு இருக்கும்ல, ஏறி வா'ன்னு போன வச்சிருவான்.

ராத்திரி நடையப் பத்தி ஒண்ணு சொல்றேன், இதுல மட்டும் கிண்டல் கெடையாது. பனி எறங்கும், குளுமையா இருக்கும், வலி தெரியாது, நடந்துக்கிட்டே இருக்கலாம்னு தோணும். வண்டி ஓட்டுறவனுக்கும் அந்நேரந்தான் கண்ணச் சொருகும். ஒட்டுறதுக்கு மினுங்குற பட்ட குடுப்பாக, முதுகுல ஒட்டிக்க. எதுக்க வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியிறாப்புல ரோட்டுக்கு வலப்பக்கமா, ஒருத்தர் பின்னால ஒருத்தரா நட. காதுல பாட்ட மாட்டாத. திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு நடக்கிறவுகளுக்குன்னு தனியாப் பாத போட்டிருக்காக, அது இருக்கிற எடமெல்லாம் அதுமேலதான் நடக்கணும். தை பொறந்தா, பழனிக்குன்னு கெளம்பிப் பழனி போயிச் சேராதவுக செய்தி பேப்பருல வராம இருக்கிறதில்ல.

திண்டுக்கல்லப் பத்திச் சொல்லணும்னா அந்த ஊருக்குப் பூட்டு பேமசு. விரதத்துல இருக்கிறவன் அங்க போனதும் ஒண்ண வாங்கி மூக்குக்குப் போட்டுக்கிறது நல்லது. பகல்ல ஊருக்குள்ள நுழஞ்சேன்னா சீரகச்சம்பா பிரியாணி வாசம் நாலாப் பக்கமும் வரும். அப்ப நம்ம கூட்டத்துல பேச்சே இருக்காது. குருசாமி மட்டும் 'வெற்றிவேல் முருகனுக்கு'ன்னு கத்துவாரு, 'அரோகரா' எச்சி முழுங்கிக்கிட்டு வரும். அந்த ஊருலதான் இன்னொரு அதிசயமும் நடக்கும். கடைசியில நொண்டிக்கிட்டு வந்த ரெண்டு சாமிக காணாமப் போயிருவாக. விடிய விடிய நடந்து நாம ஒட்டஞ்சத்திரம் போயிச் சேந்தா, காய்கறி மார்க்கெட்டுப் பக்கத்துல அவுக ரெண்டு பேரும் குளிச்சு, துன்னூறு பூசி, நமக்கு முன்னால உக்காந்து டீக் குடிச்சுக்கிட்டு இருப்பாக. 'முருகன் இழுத்துக்கிட்டு வந்துட்டான் சாமி'ம்பாக. வாஸ்தவந்தான், அந்த வண்டிக்கு முருகன் பேருதான் எழுதியிருக்கும். நீ டிக்கெட்டக் கேக்காத.

விருப்பாச்சிய நெருங்குறப்ப உனக்கு 'போதும்டா சாமி'ன்னு தோணும். அங்க நின்னு ஒண்ண நெனச்சுக்க. நம்ம சீமை ராணி வேலு நாச்சியாரு, 1772-ல காளையார்கோயிலு சண்டையில புருசனப் பறிகுடுத்துட்டு, பச்சப்புள்ளையோட இந்த விருப்பாச்சிக்குத்தான் வந்து சேந்தாக. கோபால நாயக்கரு அடைக்கலம் குடுத்தாரு. 1780-லதான் திரும்பிப் போயிச் சீமையப் பிடிச்சாக. அவுகளுக்கு வழியில பந்தலும் கெடையாது, சுக்குக் காப்பியும் கெடையாது, பின்னால வந்தது வெள்ளக்காரன். உனக்குப் பின்னால வர்றது உங்க மாமன்தான். நட.

அந்த ஊரு மலவாழப்பழந்தான்டா பஞ்சாமிர்தத்துக்கு உசுரு. 2019-ல பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு குடுத்தாக. குறியீடு வந்ததால ருசி கூடல, நம்ம வாயிலதான் பெருமை கூடிருச்சு. ஆயக்குடி வந்ததும் கொய்யாப்பழத்த வாங்கிக் கடி. அதக் கடிக்கிறப்ப எதுக்க மல தெரியும். மலையப் பாத்ததும் பாதிப் பேரு அழுவாக. மீதிப் பேரு செல்பி எடுப்பாக. ரெண்டையும் சேந்து பண்ற ஆளும் இருக்கான், அழுகுறது படத்துல சரியா விழலைன்னு மறுபடி அழுவான்.

அடிவாரத்துல ஒரு வேடிக்க பாக்கலாம். இம்புட்டு தூரம் நடந்து வந்த கூட்டத்துல ஒரு பங்கு போயி விஞ்சு வரிசையில நிக்கும். 1966-லயே விஞ்சு வந்துருச்சு, 2004-ல ரோப்காரும் வந்துருச்சு. '150 கிலோமீட்டரு நடந்தியே, 690 சொச்சம் படி ஏற மாட்டியா?'ன்னு நீ எளக்காரமாக் கேக்காத. முட்டிக்கு ஏறுறதும் எறங்குறதும் வேற கணக்கு. முடியாதவுகளுக்கு ஏத்தம் மட்டா இருக்கிற யானப்பாத இருக்கு. நடந்து வந்த கோடிக் கால்ல முருகன் எந்தக் காலயும் எண்ணிப் பாத்ததாத் தெரியல. மேல போயி மணிக்கணக்கா வரிசையில நின்னு, சன்னதிக்கு முன்னால வந்தேன்னா, ஒரு கண்ணு தொறந்து மூடுறதுக்குள்ள 'நகருங்க, நகருங்க'ம்பாக. வேண்டிக்கிட்டு வந்தது மறந்துபோகும். வெளிய வந்து நிக்கிறப்பத்தான் நெனவு வரும். ஒரு வாரம் பக்கத்துல படுத்தவன் கொறட்ட மட்டும் ஆயுசுக்கும் மறக்காது. யாரப் பாக்கப் போனோம், யாரப் பாத்துட்டு வந்தோம்னு அங்க நின்னு கணக்குப் பாக்காத, பின்னால வர்றவன் இடிப்பான்.

ராத்திரி மலமேல தங்கணும்னு ஆசப்பட்டேன்னா நடக்காது. எடப்பாடியில இருந்து காவடியோட வர்ற பருவத ராசகுலத்துக்காரகளுக்கு மட்டுந்தான் அந்த உரிம. டன் கணக்குல பஞ்சாமிர்தத்த அவுகளே போட்டுக்கிருவாக. நீ கீழ எறங்கி, கடையில டப்பா வாங்கிக்க. உங்க அப்பத்தாளுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு. மிச்சம் வர்ற வழியில தீந்துரும்.

நகரத்தாரு காவடிக்காரக திரும்பவும் நடந்தே ஊருக்கு வருவாக. நமக்கு அது கட்டுப்படியாகாது, நாம பஸ்ஸுதான். பழனி பஸ்டாண்டப் பாத்தாத்தான் உனக்குப் பாதயாத்திரை முழுசாப் புரியும். ஒரு வாரமா 'நீங்க முன்னால போங்க சாமி'ன்னு விட்டுக் குடுத்தவன், வண்டி திரும்புறதுக்குள்ள ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு, 'யோவ், இது என் எடம்யா'ம்பான். மூடியத் திருகித் தண்ணி குடுத்த பங்காளி, படியில முழங்கைய மடக்கி இன்னொருத்தன் விலாவுல வைப்பான். மனசு நோகாத. அவுக வேண்டிக்கிட்டது பழனி வரைக்குந்தான். நீ வயசுப்பய, காலும் நல்ல நீளம். அந்தப் பூட்சு ஒரு வேளைக்காவது ஒதவட்டும். வண்டி நிக்கிறதுக்கு முந்தி ஓடிப்போயி ரெண்டு துண்டாப் போட்டுரு. ரெண்டாவது யாருக்குன்னு வீட்டுல வச்சுக் கேக்காத, நானும் வாரேங்கிறது உங்க அப்பத்தாளுக்கு இன்னும் தெரியாது. ஜன்னல் ஓரமாப் பாத்துப் போடு, எனக்கு வெத்தல துப்பணும்.